நுரைக்காரர்

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் வந்து போயிட்டு இருந்தாக. யார் வீட்டுக்கு வந்தாலும் நாம முன்வாசல்ல நின்னு "வாங்கண்ணே"ன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள, அவுக பின்வாசல்ல சாணிக்குழிப் பக்கம் நிப்பாக. காப்பி வேணுமா மோரு வேணுமான்னு கேட்டா காதுல விழாது. ஆனா குழாய்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்து வாயு கசிஞ்சா அது மட்டும் விழுந்துரும். அப்படி ஒரு காது.

சாண எரிவாயுக் குழி கட்டுறதும், கட்டுன குழியை ரிப்பேர் பாக்குறதும் அவுக தொழில். தோள்ல ஒரு ரெக்சின் பை. அதுக்குள்ள ரெண்டு ஸ்பானர், ஒரு பிளாஸ்டிக் மக்கு, ஒரு சோப்பு, அப்புறம் முகச்சவரம் பண்றவக வச்சிருப்பாகளே, அந்த பிரஷ்ஷு. மக்குல சோப்பைக் கரைச்சு நுரை பொங்க அடிச்சு, குழாய்ல ஜாயிண்ட் இருக்குற இடமெல்லாம் பதமாத் தடவிவிட்டுட்டுக் குத்தவச்சு உக்காந்துருவாக. நுரையில முட்டை கட்டுச்சுன்னா "ஒழுகுது"ம்பாக. கட்டலைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாக. பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவாக. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? எனக்கு ஆத்திரமா வரும். ஊரே அவுகளுக்கு நுரைக்காரர்னு பேரு வச்சிருச்சு. சொந்தப் பேரு ரேசன் கார்டுக்குத்தான் தெரியும்.

இப்ப தேவாரம் ஊர்ல மக வீட்டோட இருக்காகளாம். முட்டி தேஞ்சு போயி, குத்தவச்சு உக்கார முடியலையாம். குத்தவைக்காம அந்த மனுசர் எப்படிப் பொழுதைக் கழிக்கிறாகளோ தெரியல.

ஒழுகுறதை ஒழுகுதுன்னு சொல்லாம அவுகளால இருக்க முடியாது. இடம் பொருள் பாக்குறதெல்லாம் கிடையாது. காமயகவுண்டன்பட்டியில எங்க கொழுந்தனார் மக கல்யாணம். மண்டபத்துல நானூறு எலை விழணும். மாப்பிள்ளை தாலி கட்டிக்கிட்டு இருக்காரு, மேளம் கொட்டுது. இவுக பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்காம, மூக்கை உறிஞ்சிக்கிட்டே எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிட்டாக. போனவுக நேரா சிலிண்டரைத் திருகி அணைச்சுப்புட்டாக. அண்டாவுல பாயசம் பாதிக் கொதியில நிக்குது. சமையல் மாஸ்டர் கரண்டியை ஓங்கிக்கிட்டு வந்துட்டாரு.

"யோவ், யாருய்யா நீ? பால் திரிஞ்சா நீ பொறுப்பேத்துக்குவியா?"

"ஒழுகுது."

"எங்கய்யா ஒழுகுது? இருபது வருசமா நான் அடுப்புல நிக்கேன், எனக்குத் தெரியாதா?"

இவுக பையைத் திறந்தாக. கல்யாண வீட்டுக்கும் அந்த ரெக்சின் பையைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காக, பாத்துக்கங்க! பட்டுச்சேலை கட்டுன பொம்பளைக அத்தனை பேரும் பாக்க, டியூப்புல நுரையைத் தடவிவிட்டாக. பொசுபொசுன்னு நெல்லிக்காய் பருமனுக்கு முட்டை கட்டுச்சு. மாஸ்டரு கரண்டியைக் கீழ வச்சுட்டாரு. வேற டியூப் வாங்க கம்பம் டவுனுக்கு ஆள் விட்டு, பந்தி போட ஒரு மணி நேரம் தாமதமாச்சு. பசியில இருந்த சம்பந்தக்காரவக எங்களைத் திட்டுன திட்டு கொஞ்ச நஞ்சமில்ல. நுரைக்காரர் மட்டும் முதல் பந்தியில உக்காந்து பாயசத்தை மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாக.

அடுத்தவுக தப்பைத்தான் இப்படி வெளிய போடுவாகன்னு நினைச்சுறாதீக. எங்க வீட்டுக் குழி கட்டி மூணு மாசம் இருக்கும். வழக்கம் போல நுரை போட்டுப் பாக்க வந்தவுக, ஒரு ஜாயிண்ட்டுல முட்டை கட்டவும் எந்திரிச்சு நின்னு தெருவே கேக்குற மாதிரி சொல்றாக: "இது நான் ஒட்டுன ஜாயிண்ட்டு. பசை காயறதுக்கு முன்னால திருப்பிட்டேன். என் தப்பு."

எங்க வீட்டுக்காரருக்கே சங்கடமாப் போச்சு. "ஏண்ணே, சத்தமில்லாம மாத்திட்டுப் போக வேண்டியதுதான? யாருக்குத் தெரியப் போகுது?"

"சத்தமில்லாம மாத்திட்டா, அன்னைக்கே ஒட்டுன இன்னும் அஞ்சு வீட்டுக்காரவகளுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னதோட நிக்காம அன்னைக்கே அந்த அஞ்சு வீட்டுக்கும் போயி, ஒவ்வொரு வாசல்லயும் என் தப்பு என் தப்புன்னு சொல்லி மாத்திக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனாக. கிறுக்கு மனுசன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. எனக்கும் அப்ப அப்படித்தான் தோணுச்சு.

குழி வந்த கதையைச் சொல்லிப்புடறேன். சாணியில இருந்து வர்ற மீத்தேன் வாயு சும்மா மேல போனா பூமி சூடாகுதாம். அதைக் குறைக்கணும்னு பல தேசத்துக்காரவக கூடிப் பேசி ஒத்துக்கிட்டாகளாம். அந்த வகையில வெளிநாட்டு உதவியோட எங்க ஊர் பால் சங்கத்து மூலமா முப்பது வீட்டுக்குக் குழி கட்டுனாக. பூமிக்குள்ள செங்கல்லுல கவுத்துவச்ச பானை மாதிரி ஒரு அறை, சாணி கரைச்சு ஊத்த ஒரு பக்கம் தொட்டி, கரைசல் வெளிய வர மறுபக்கம் தொட்டி, உச்சியில இருந்து அடுப்புக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். கட்டும்போதே நுரைக்காரர் எங்களை நிக்கவச்சுச் சொன்னாக: "இந்த வாயு இருக்கே ஆத்தா, அடுப்புல எரிஞ்சா நமக்கு வேலைக்காரி. எரியாம மேல போச்சுன்னா பிசாசு. நம்ம ஊருக்கு மட்டுமில்ல, எந்தத் தேசத்துல இருக்குறவனுக்கும் பிசாசு."

முதல் முப்பது வீடும் நாலு மாடு வச்சிருக்குற வீடுகதான். ரெண்டு மாட்டுக்காரவகளுக்கு ரெண்டாவது லிஸ்ட்டு வரும்னு சொன்னாக. அதுல முதல் பேரு என் தங்கச்சி பேரு. அவ வீடும் என் வீடும் ஒரே சுவருதான். அவ புருசன் விடியக்காலம் ஜீப்பேறி ஏலத்தோட்டத்து வேலைக்குக் கேரளாவுக்குப் போறவரு. அவரு கிளம்புறதுக்கு முன்னால இவ சோறு பொங்கிக் கட்டிக் குடுக்கணும். ஒரே அறை, விறகடுப்பு, பனி மாசத்துல ஈர விறகு. அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நீல நெருப்புல நான் காப்பி போட்டுக்கிட்டு இருப்பேன், அந்தப் பக்கம் அவ மூச்சு வாங்குற சத்தம் கேக்கும். அந்த லிஸ்ட்டு எப்ப வரும் எப்ப வரும்னு சங்கத்துச் செயலாளரை நச்சரிச்சுக்கிட்டே இருப்பேன்.

ஒரு நாள் செயலாளர் வந்து சொன்னாரு: "வெளிநாட்டுல இருந்து குழியைப் பாக்க வர்றாக. பாத்துட்டுத் திருப்தியா இருந்தாத்தான் ரெண்டாவது லிஸ்ட்டுக்குக் கையெழுத்து. ஊரே பளிச்சுனு இருக்கணும்."

போதாதா எனக்கு? இறங்கிட்டேன். வாசல்ல கோலம், குழிக்கு வெள்ளையடிப்பு, வால்வுக்குக் கனகாம்பரச் சரம், அடுப்புக்குச் சந்தனம் குங்குமம். அப்பதான் என் மூளையில ஒரு யோசனை உதிச்சுச்சு. வர்றவுக முன்னால அடுப்பைப் பத்தவைக்கும்போது நெருப்பு மங்கலா எரிஞ்சா அசிங்கமில்ல? விருந்தாளிக்குன்னா நாம எதையும் எடுத்து வைக்கிறதுதான? நெய்யை எடுத்து வைப்போம், முறுக்கை எடுத்து வைப்போம், நல்ல திராட்சைக்கொத்தைப் பந்தல்லயே விட்டு வைப்போம். அது மாதிரி, ரெண்டு நாளைக்கு யாரும் கேஸ் அடுப்பைத் தொடக்கூடாது, வாயுவைச் சேத்து வைக்கணும்னு முப்பது வீட்டுக்கும் நானே ஏறி இறங்கிச் சொல்லிட்டு வந்தேன். "அடியாத்தி, எக்காவுக்கு என்னா மூளை"ன்னு எல்லாரும் பாராட்டுனாளுக. நுரைக்காரர் அந்த ரெண்டு நாளும் குச்சனூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தாக. அவுக காதுக்கு இது போகல.

அந்த ரெண்டு நாளும் நான் சமைச்சது தங்கச்சி வீட்டு விறகடுப்புல. அவ சோறும் என் சோறும் அதே அடுப்புல. புகை ரெண்டு மடங்கு. "பொறுத்துக்கடி, ரெண்டே நாளு. அப்புறம் உனக்கும் குழி வந்துரும்"னேன். அவ இருமிக்கிட்டே தலையாட்டுனா.

வந்தவுக ரெண்டு பேரு. டென்மார்க்குல இருந்து ஒரு அம்மா, கையில பெரிய கேமரா. நேபாளத்துல இருந்து ஒருத்தர். அவரும் மலைக்கிராமத்துல குழி கட்டுறவராம். கூட மதுரையில இருந்து மொழி மாத்திச் சொல்ல ஒரு பொண்ணு. நுரைக்காரரும் குச்சனூர்ல இருந்து அதே ஜீப்புல ஏறி வந்து இறங்குனாக. முதல்ல எங்க வீடு. மாலை போட்டு, திராட்சை குடுத்து, எல்லாம் பிரமாதமா நடந்துச்சு. அந்த அம்மா கேமராவைத் தூக்கிக் குழியைப் பாத்தாக. முகம் மாறிப்போச்சு. எங்களையும் கூப்பிட்டுக் காட்டுனாக. அது வாயுவைக் காட்டிக் குடுக்குற கேமராவாம். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத இடத்துல, கேமராவுல பாத்தா வெளித்தொட்டியில இருந்து குபுகுபுன்னு கறுப்பாப் புகை மேல போகுது. தங்கச்சி வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் திருப்புனாக, அங்கனயும் போகுது. எதுத்த வீடு, முக்கு வீடு, குழி இருக்குற எல்லாத்துலயும் போகுது.

"இவ்வளவு வாயு வெளிய போகுதே, எதனாலன்னு கேக்குறாங்க"ன்னு மதுரைப் பொண்ணு சொன்னுச்சு.

செயலாளர் முந்திக்கிட்டாரு. "அது வெயில்ல வர்ற ஆவிம்மா. எங்க ஊர் வெயில் அப்படி."

எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாச்சு. நல்ல வேளை, சமாளிச்சுட்டாருன்னு நினைச்சேன். திரும்பிப் பாக்கறேன், நுரைக்காரர் தொட்டிக்குப் பக்கத்துல குத்தவச்சுக் காதைச் சாய்ச்சுக்கிட்டு இருக்காக.

"ஆவி இல்ல"ன்னாக. "வாயு. பொக்குப் பொக்குனு வழியுது. ஆத்தா, அடுப்பை மூட்டி எத்தனை நாளாச்சு?"

"காலையில கூடக் காப்பி போட்டேண்ணே"ன்னு வாய் கூசாமச் சொன்னேன்.

எந்திரிச்சு நேரா அடுப்படிக்குப் போனாக. பின்னாலயே எல்லாரும் போனோம். அடுப்புல சந்தனம் காஞ்சு, குங்குமம் கலையாம, புது மருமக மாதிரி ஜோடிச்சு இருக்கு. பர்னர் மேல உள்ளங்கையை வச்சுப் பாத்துட்டு என்னைப் பாத்தாக. அந்தப் பார்வையே போதும்.

"ரெண்டு நாளாச்சுண்ணே"ன்னேன். "விருந்தாளி வர்றாகன்னு சேத்து வச்சோம். சிலிண்டர்ல இருக்குற மாதிரி இருக்கும்னு நினைச்சோம்."

"அப்ப சோறு?"

"தங்கச்சி வீட்டு விறகடுப்புல."

செயலாளர் கண்ணைக் காட்டுறாரு, தொண்டையைச் செருமுறாரு. வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டுறாரு. நுரைக்காரர் மதுரைப் பொண்ணு பக்கம் திரும்பி நிறுத்தி நிதானமாச் சொன்னாக: "அவுககிட்டச் சொல்லும்மா. குழி ஒழுகல, நிரம்பி வழியுது. வாயு கூடிப்போனா கரைசலைத் தள்ளிக்கிட்டுத் தொட்டி வழியா வெளிய வந்துரும். இது எடுத்து வைக்கிற சாமான் இல்ல, அன்னன்னைக்கு எரிச்சுத் தீக்கணும்னு நான் இவுகளுக்குச் சொல்லிக் குடுக்கல. அதனால முதல்ல என் தப்பு. அப்புறம் இந்த ஆத்தா தப்பு."

என்னைக் கையைக் காட்டியே சொன்னாக! கொஞ்சமாவது விட்டுக் குடுத்தாகளா? பூமி பிளந்தா உள்ள போயிருவேன், ஆனா உள்ளயும் அந்தக் குழிதான் இருக்கு.

அடுத்த நிமிசம் தெருவுக்கு வந்து, "ஏத்தா, எல்லாரும் வீட்டுக்குப் போயி அடுப்பைப் பத்தவைங்க! இப்பவே! ரெண்டு பர்னரும்!"னு கத்துனாக. மாலையும் ஆரத்தித் தட்டுமா நின்ன பொம்பளைக அத்தனை பேரும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனோம். பகல் பதினோரு மணி. என்னத்தைச் சமைக்கிறது? ஒருத்தி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவச்சா. ஒருத்தி வெந்நி காய வச்சா, அந்த வெயில்ல. எதுத்த வீட்டுக்காரி ஒரு படி மொச்சையை அள்ளிப் போட்டா. நான் பதட்டத்துல வெறும் வடைச்சட்டியை வச்சுட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். நேபாளத்துக்காரர் எட்டிப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவரு ஊருலயும் பெரிய ஆபீசர்மாருக வந்தப்ப இதே கூத்துத்தான் நடந்துச்சாம். "ஆனா எங்க ஊர்ல யாரும் உண்மையைச் சொல்லல"ன்னாராம், அந்தப் பொண்ணு சொன்னுச்சு. அப்புறம் அவரும் நுரைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தொட்டியோரமாக் குத்தவச்சுக்கிட்டு, ஒரு பாசையும் பொதுவா இல்லாம, விரலை மடக்கி நீட்டி என்னத்தையோ பேசிக்கிட்டே இருந்தாக. அரை மணி நேரத்துல கேமராவுல கறுப்பு மெலிஞ்சு நின்னு போச்சு. வந்தவுக மொச்சையைத் தின்னுட்டு, ஒரு முடிவும் சொல்லாமக் கிளம்பிப் போயிட்டாக.

ஜீப்பு மறையவும் செயலாளர் நுரைக்காரரைப் பிடிச்சுக்கிட்டாரு. "நாப்பது வீட்டோட ரெண்டாவது லிஸ்ட்டு போச்சு. ஏன்யா, ஊருக்கெல்லாம் வால்வு வைக்கிறியே, உன் வாய்க்கு ஒண்ணு வைக்கக் கூடாதா?"

"வச்சுப் பாத்தேன் சார். ஒழுகத்தான் செய்யுது"ன்னாக.

யாரும் சிரிக்கல. என் தங்கச்சி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. அன்னையில இருந்து என்கூடப் பேச்சில்ல. லிஸ்ட்டைக் கெடுத்தது நான், அதைப் போட்டு உடைச்சது நுரைக்காரர். ரெண்டு பேரும் அவளுக்கு ஆகாதவுக ஆயிட்டோம். அவ கோவத்துல என்ன தப்பு? சுவத்துக்கு அந்தப் பக்கம் விடியக்காலம் அந்த இருமல் கேக்கும்போதெல்லாம் நான் போர்வையை இழுத்து மூடிக்குவேன்.

நாலு நாள் கழிச்சு நுரைக்காரர் வந்தாக. தோள்ல பையோட ஒரு கட்டு டியூப்பும், கையில ஒரு பழைய கேஸ் அடுப்பும் இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் குழாய்ல ஒரு பிரிவு போட்டு, சுவத்துல துளையடிக்க ஆரம்பிச்சுட்டாக. தங்கச்சி சத்தம் கேட்டு ஓடி வந்தா.

"எதுக்கு இது? எனக்கு யாரு பிச்சையும் வேண்டாம்."

"பிச்சை யாரு போட்டா? உங்க அக்கா வீட்டுப் பிள்ளைக ரெண்டும் கோயம்புத்தூர்ல. இருக்குறது ரெண்டு பேரு. நாலு மாட்டுச் சாணி. அன்னைக்கு மட்டுமில்ல, தினமும்தான் வழியுது. அன்னைக்குத்தான் எனக்கே புத்தியில ஏறுச்சு. இங்கன வழிஞ்சா பிசாசு, உன் அடுப்புல எரிஞ்சா சோறு. உனக்காகப் போடல ஆத்தா, அந்த வாயுவுக்காகப் போடுறேன்."

"உங்களால லிஸ்ட்டுல இருந்த என் பேரே போச்சு."

"போயிருக்கும்"னு ஒத்துக்கிட்டாக. "நான் சொல்லாம இருந்திருந்தாலும் அந்தக் கேமராவுல தெரிஞ்சிருக்கும். ஆனா அதுக்காகச் சொல்லல. சொல்லாம இருக்க வரல எனக்கு."

சாயந்திரம் அவ அடுப்புல நீல நெருப்பு எரிஞ்சுச்சு. மறுநாள் காலையில ஒரு கூடைச் சாணியோட என் தொட்டி முன்னால வந்து நின்னா, தன் ரெண்டு மாட்டுச் சாணி. என்னைப் பாக்காம கொட்டிக் கரைச்சுவிட்டுட்டுப் போனா. மூணாவது நாள், "எக்கா, சோறு வைக்கப் போறேன், நீ கொஞ்சம் பொறு"ன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்துச்சு. ரெண்டு அடுப்பும் சேந்து எரிஞ்சா நெருப்பு இறங்கிரும். நான் பாதி வெந்த பருப்பை இறக்கி வச்சுட்டு உக்காந்து அழுதேன்.

ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது லிஸ்ட்டு வந்துருச்சு. யாரும் எதிர்பாக்கல. நுரைக்காரர் அந்தச் சுவர் டியூப்பைப் போட்டோ பிடிச்சு மதுரைப் பொண்ணுக்கு அனுப்பியிருக்காக, அது நேபாளத்துக்காரருக்குப் போயி, அவரு தன் ஊர்லயும் பக்கத்து வீட்டுக்கு டியூப் இழுத்துப் பாத்திருக்காரு. இனிமே எங்கன குழி கட்டுனாலும் மிச்ச வாயுவுக்கு ஒரு வழி வச்சுத்தான் கட்டணும்னு அந்த டென்மார்க்கு அம்மா எழுதியிருந்தாகளாம். செயலாளர் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கிட்டு, நுரைக்காரரையும் கூட்டிக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்கு வந்தாரு. முதல் பேரு அவ பேருதான். கையெழுத்துப் போட்டாப் போதும்.

தங்கச்சி பாரத்தை வாங்கல. "எனக்கு வேண்டாம் சார். கோடி வீட்டுக்காரிக்குக் குடுத்துருங்க, அவளும் இருமிக்கிட்டுத்தான் இருக்கா. ரெண்டு வீட்டுக்கும் ஒரு நெருப்பு போதும்."

நுரைக்காரர் சும்மா இருப்பாகளா? "யோசிச்சுச் சொல்லு ஆத்தா. நாளைக்கு உங்க அக்கா கூடச் சண்டை வரும். அது கோவக்காரி. வால்வை மூடிருச்சுன்னா என்ன பண்ணுவ?"

"மூடட்டுமே, பாப்போம்"னா தங்கச்சி. "மூடிட்டு அவ எப்படிச் சோறு திம்பான்னு பாக்கறேன்."

செயலாளர் பாரத்தை மடிச்சாரு. நுரைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பி, பையில எதையோ தேடுற மாதிரித் தேடிக்கிட்டே இருந்தாக. எட்டிப் பாத்தேன். கண்ணு ரெண்டும் கலங்கி நிக்குது.

"என்னண்ணே கண்ணுல?"ன்னேன்.

"புகை ஆத்தா"ன்னாக.

அந்த வீட்டுல புகை நின்னு ஆறு மாசம் ஆயிருந்துச்சு.